சர்வதேச வணிக நடுவர் மன்றங்களில் வழக்கறிஞராகவும் நடுவராகவும் வளர்வதற்கான வழிகாட்டி

ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை ஜெர்மனியிலிருந்து ஓர் இயந்திரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் சொன்ன வேகத்தில் ஓடவில்லை. வாங்கியவர் மீதிப் பணத்தை நிறுத்திவைக்கிறார். விற்றவர் பணம் கேட்டு நெருக்குகிறார். சென்னை நீதிமன்றத்துக்கு வர ஜெர்மானியருக்கு விருப்பமில்லை, ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக நம்மவருக்கு விருப்பமில்லை. இப்படி நேரலாம் என்று எண்ணித்தான், தகராறு எழுந்தால் சிங்கப்பூரை இருக்கையாக, அதாவது வழக்கின் சட்டபூர்வ இடமாகக் கொண்டு மூன்று நடுவர்கள் விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருவரும் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். வழக்கறிஞர்கள் பேச்சில் ஆர்பிட்ரேஷன் என்றும், இலங்கைத் தமிழில் நடுத்தீர்ப்பு என்றும் வழங்கும் முறை இதுதான்.

இந்தத் துறைக்குள் நுழைய வழி கேட்டு வரும் இளையவர்கள் பெரும்பாலும் விமானப் பயணத்தையும் ஆங்கில வாதத்திறனையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே சில ஆண்டுகள் இருந்தவர்களுக்கு வேறொன்று தெரியும். ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பொறுமையாகப் படிக்கவும், படித்ததைப் பிசகில்லாமல் எழுதவும் தெரிந்தவர்களால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. வாய்மொழி விசாரணை சில நாட்களில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு ஆண்டுகள் முழுவதும் எழுத்துதான். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்த ஒரு திறமையை வளர்ப்பதற்கான வழியே.

முதலில் படிக்க வேண்டியவை

1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையிலிருந்து தொடங்குங்கள். பதினாறே பிரிவுகள், ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். ஒரு நாட்டில் தரப்பட்ட நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற உதவும் இந்த உடன்படிக்கையில் இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. இந்தியா 1960இலேயே சேர்ந்தது. தீர்ப்பை நிறைவேற்ற மறுப்பதற்கான காரணங்களை வரையறுக்கும் ஐந்தாம் பிரிவு மனப்பாடமாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு மனுவும் கடைசியில் போய் நிற்கும் இடம் அதுதான். வெற்றி பெற்றும் பணம் வசூலாகாத தீர்ப்பால் கட்சிக்காரருக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்து, ஐ.நா.வின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1985இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தையும் இந்தியாவின் 1996ஆம் ஆண்டு நடுவர் மன்றச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2015, 2019, 2021 திருத்தங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பழைய தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்டிய பிறகு, அது எந்தத் திருத்தத்துக்கு முந்தையது என்று தெரியாமல் விழிப்பது இளையவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. இலங்கையில் தொழில் செய்பவர்களுக்கு அந்நாட்டின் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் அடிப்படை. இவற்றோடு, நடுவர் வழக்குகளை நிர்வகிக்கும் மையங்களில் ஒன்றின் விதிகளை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாரிஸில் 1923இல் தொடங்கிய சர்வதேச வணிகச் சபையின் (ஐசிசி) நடுவர் நீதிமன்றம், 1892இல் வேர்கொண்ட லண்டனின் எல்சிஐஏ, 1991இல் தொடங்கிய சிங்கப்பூரின் எஸ்ஐஏசி ஆகியவை முதன்மையானவை. இந்தியத் தரப்புகள் பெரிதும் நாடுவது சிங்கப்பூரை என்பதால், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள எஸ்ஐஏசியின் ஏழாம் பதிப்பு விதிகளை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது.

வணிகத் தகராறுகளின் தீர்ப்புகள் பெரும்பாலும் இரகசியமானவை என்பதால், ஒரு நடுவர் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று மாணவர் ஒருவர் பார்ப்பது எளிதல்ல. இதற்கு ஒரு மாற்று உண்டு. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அரசுகள் மீது தொடுத்த வழக்குகளின் தீர்ப்புகள் பல பொதுவெளியில் கிடைக்கின்றன. தமிழ் வாசகர் ஒருவர் அவற்றில் முதலில் படிக்க வேண்டியது, அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கைச் சேர்ந்த ஏஏபிஎல் நிறுவனம் இலங்கை அரசின் மீது தொடுத்த வழக்கின் தீர்ப்பு என்பேன். மட்டக்களப்பில் இருந்த ஓர் இறால் பண்ணை 1987 ஜனவரி 28 அன்று பாதுகாப்புப் படைகளின் நடவடிக்கையில் அழிந்தது; பண்ணையின் பணியாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தப் பண்ணையில் பங்கு வைத்திருந்த நிறுவனம், பிரிட்டன் இலங்கையோடு செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி 80 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1990 ஜூன் 27 அன்று வந்த தீர்ப்பு 4,60,000 டாலர் அளித்தது. நாடுகளுக்கு இடையிலான முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு முதலீட்டுத் தகராறுகளுக்கான உலக வங்கியின் ஐசிஎஸ்ஐடி மையத்தில் நடந்த முதல் வழக்கு இதுதான். அரசு முழுப் பாதுகாப்புக்கு உத்தரவாதி என்ற வாதத்தைப் பெரும்பான்மை நடுவர்கள் எப்படி ஒதுக்கினார்கள், உரிய எச்சரிக்கையோடு நடந்துகொள்ளத் தவறியது என்ற வேறொரு காரணத்தின் மேல் பொறுப்பை எப்படி நிறுத்தினார்கள், கேட்ட தொகை எந்தெந்த இடத்தில் குறைக்கப்பட்டது என்பதையெல்லாம் பென்சிலோடு உட்கார்ந்து குறியுங்கள். மாறுபட்ட நடுவரின் தனிக்கருத்தையும் விட்டுவிடாதீர்கள். பங்குகளுக்கு விலை கணக்கிட்ட அந்த மன்றத்தின் அதிகார எல்லைக்குள் இறந்தவர்களின் குடும்பங்கள் வரவில்லை என்பதையும் படிக்கும்போது உணர்வீர்கள். நடுவர் மன்றத்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதைத் தொழிலின் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது அவசியம்.

கல்லூரிக் காலம்

வியன்னாவில் ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் நடக்கும் வில்லெம் விஸ் மாதிரி நடுவர் மன்றப் போட்டியை இத்துறையில் அறியாதவர் இல்லை. 1990களின் தொடக்கத்தில் தோன்றிய இந்தப் போட்டிக்கு ஹாங்காங்கில் ஒரு சகோதரப் போட்டியும் உண்டு. அக்டோபரில் வழக்கின் கோப்பு வெளியாகும். முதலில் கோருபவர் தரப்பிலும், பிறகு எதிர்த்தரப்பிலும் எழுத்து வாதம் தயாரிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் சர்வதேசப் பொருள் விற்பனை உடன்படிக்கை பெரும்பாலும் இதற்கு அடிப்படையாக இருக்கும். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்பதால் நம் கல்லூரிகளில் அதைப் பாடமாக நடத்துவது குறைவு. தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டும்.

விமானக் கட்டணமும் விசாவும் தங்கும் செலவும் சேர்ந்தால் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இது எட்டாத தொகையாகிவிடுகிறது. அதற்காக மனம் தளர வேண்டாம். வழக்குக் கோப்பு இலவசமாகவே வெளியிடப்படுகிறது. மூன்று நண்பர்கள் சேர்ந்து அதை இறக்கி, இரு தரப்புக்கும் எழுத்து வாதம் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் சிவப்பு மையால் திருத்துங்கள். போட்டிக்குப் போய்வந்தவருக்குக் கிடைக்கும் அறிமுகங்கள் இதில் கிடைக்காது. ஆனால் ஒரே ஆவணத்தை இரண்டு தரப்பின் கண்ணாலும் படிக்கும் பழக்கம் வந்துவிடும்; அந்தப் பழக்கம் நாற்பது ஆண்டுத் தொழிலுக்கும் உதவும்.

முதல் ஐந்து ஆண்டுகள்

பட்டம் வாங்கிய கையோடு வெளிநாட்டு மேற்படிப்புக்குப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வை முடித்து, வணிக வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேருங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதை அருகிலிருந்து பார்க்காமல் எந்த மேற்படிப்பும் முழுப் பயன் தராது. சென்னையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சர்வதேச வணிகத் தகராறாக இருந்தால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இடைக்காலப் பாதுகாப்பு கோரும் 9ஆம் பிரிவு மனுவும் தீர்ப்பை ரத்துசெய்யக் கோரும் 34ஆம் பிரிவு மனுவும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாமல் உயர் நீதிமன்றத்துக்கே வரும். நடுவரை நியமிக்கக் கோரும் 11ஆம் பிரிவு மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். எனவே உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் நல்ல சேம்பர் ஒன்றில் இருப்பவர் நடுவர் தீர்ப்புகளைத் தினமும் கையாளலாம்.

ஜூனியரிடம் முதலில் கொடுக்கப்படும் வேலை நிகழ்வு வரிசை தயாரிப்பது: எந்தத் தேதியில் என்ன நடந்தது, அதற்கான ஆவணம் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற அட்டவணை. சிறிய வேலை என்று எண்ணி இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டுமானத் துறையில் பல நாடுகளில் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் 1999 வடிவத்தில் அமைந்த ஒரு கட்டுமானத் தகராறு அது. அந்த வடிவத்தின் 20.1ஆம் பிரிவின்படி, கூடுதல் காலமோ பணமோ கேட்கும் ஒப்பந்தக்காரர், காரணம் தெரியவந்த 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; தவறினால் உரிமை போய்விடும். தடை தெரியவந்தது மார்ச் 20. அறிவிப்பாகச் சொல்லப்பட்ட மின்னஞ்சலின் அச்சுப் பிரதியில் 04/05 என்று தேதி இருந்தது. நான் நம் வழக்கப்படி மே 4 என்று அட்டவணையில் எழுதினேன். 45 நாட்கள் ஆகிவிட்டதால் எங்கள் கட்சிக்காரரின் கோரிக்கை கெட்டுப்போனது என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். சீனியர் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்து, தேதிக்கு மேலே சிறிய எழுத்தில் இருந்த கிழமையைக் காட்டினார். வெள்ளிக்கிழமை என்று இருந்தது; அந்த ஆண்டில் மே 4 சனிக்கிழமை. அனுப்பியது அமெரிக்க ஆலோசகர் அலுவலகம் என்பதால் மாதம் முன்னால் வந்திருக்கிறது. ஏப்ரல் 5 என்றால் பதினாறே நாட்கள். உரிமை பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த அட்டவணையிலும் மாதத்தை எண்ணால் எழுதுவதில்லை, கிழமையைச் சரிபார்க்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்து வரும் வேலை, எதிர்த்தரப்பிடம் ஆவணங்கள் கேட்கும் ரெட்ஃபெர்ன் அட்டவணை. என்ன ஆவணம் வேண்டும், அது வழக்குக்கு ஏன் தேவை, எதிர்த்தரப்பின் ஆட்சேபம் என்ன, மன்றத்தின் முடிவு என்ன என்று கட்டம் கட்டமாக அமைந்திருக்கும். 'திட்டம் தொடர்பான எல்லாக் கடிதங்களும்' என்று கேட்டால் நடுவர்கள் மறுத்துவிடுவார்கள். எந்த மாதத்தில், யாருக்கும் யாருக்கும் இடையில், எந்தப் பொருள் பற்றிய கடிதம் என்று குறுக்கிக் கேட்கத் தெரிய வேண்டும். சர்வதேச பார் சங்கத்தின் சாட்சிய விதிகளை (2020 பதிப்பு) இதற்காகவே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சியின் வாக்குமூலம் எழுதும் இடத்தில்தான் தமிழ் தெரிந்த வழக்கறிஞரின் உண்மையான மதிப்பு வெளிப்படுகிறது. அடித்தளம் தோண்டிய இடத்தில் நின்ற ஃபோர்மேன், "மோட்டார் போட்டு இறைச்சாலும் தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு சார்" என்று சொல்வார். அதை ஒரு வழக்கறிஞர் ஆங்கிலத்தில் 'இடையறாத நிலத்தடி நீர் உட்புகல்' என்ற பொருளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். குறுக்கு விசாரணையில் அந்தத் தொடரின் பொருளைக் கேட்டதும் பேச முடியாமல் நின்ற மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் மன்றம் நம்பவில்லை. வாக்குமூலத்தைச் சாட்சியின் மொழியிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, பிறகு மொழிபெயர்ப்பை இணைப்பதே முறை. எந்த மொழியில் முதலில் தயாரிக்கப்பட்டது, எந்த மொழியில் சாட்சி பேசுவார் என்பதைக் குறிப்பிடும்படி மேற்சொன்ன விதிகளும் கேட்கின்றன.

மேற்படிப்பும் உரிமமும்

மூன்று நான்கு ஆண்டுகள் தொழில் பார்த்த பிறகு மேற்படிப்புக்குப் போனால் கேட்க வேண்டிய கேள்விகள் தெரிந்திருக்கும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், ஜெனீவாவின் மிட்ஸ் படிப்பு, ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறைக்குப் பெயர் பெற்றவை. கடன் வாங்கிப் போகிறவர்கள், படிப்பு முடிந்ததும் அந்த நாட்டிலேயே வேலை கிடைக்கும் என்ற கணக்கில் கடன் வாங்க வேண்டாம்.

இந்திய சட்டப் பட்டம் கொண்டு சிங்கப்பூரில் உள்ளூர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் சிங்கப்பூரை இருக்கையாகக் கொண்ட நடுவர் மன்றத்தில் கட்சிக்காரருக்காக வாதிட அந்தப் பதிவு தேவையும் இல்லை. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் அங்கே ஆஜராகலாம். இங்கிலாந்தில் சொலிசிட்டராக விரும்பும் இந்திய வழக்கறிஞர்களுக்கு 2021இல் தொடங்கிய எஸ்கியூஇ தேர்வு ஒரு வழி.

எதிர்த்திசையில், வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்தியா வரலாமா என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது ஏ.கே. பாலாஜி வழக்கு. 2012இல் இங்கே தீர்ப்பு வந்தது; 2018இல் உச்ச நீதிமன்றம், அவர்கள் எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிப் போகலாம், சர்வதேச வணிக நடுவர் வழக்குகளில் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுப் பங்கேற்கலாம் என்றது. 2023இல் பார் கவுன்சில் விதிகள் வகுத்து 2025இல் திருத்தியும் விட்டது. இதைப் போட்டியாக மட்டும் பார்ப்பவர்கள் பயப்படுகிறார்கள். இந்தியச் சட்டமும் இந்திய ஆவணங்களும் தெரிந்த ஒரு கூட்டாளி வெளிநாட்டு அலுவலகங்களுக்கு எப்போதும் தேவைப்படுவார். அந்த இடத்துக்கு உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நீதிமன்ற வாதம் பிடிக்காதவர்களுக்கும் இங்கே இடமுண்டு. நடுவர் மையங்களின் செயலகத்தில் வழக்குகளை மேற்பார்வையிடும் ஆலோசகர் பணி மிக நல்ல பயிற்சி. ஒரே ஆண்டில் பல நடுவர்களின் வேலையை உள்ளிருந்து பார்க்கலாம். நடுவர் மன்றச் செயலாளராக ஒரு மூத்த நடுவரிடம் பணியாற்றுவது இன்னொரு வழி. தாமத ஆய்விலும் இழப்பீட்டுக் கணக்கிலும் நிபுணர்களாக வரும் பொறியாளர்களும் பட்டயக் கணக்காளர்களும் உண்டு. அவர்களில் சிலர் பின்னாளில் நடுவர்களாகவும் ஆகிறார்கள்.

நடுவராவது

நடுவராகப் பொதுவாக உரிமம் எதுவும் தேவையில்லை. நடுவருக்கான தகுதிகளை விதிக்கும் எட்டாம் அட்டவணையை இந்தியா 2019 திருத்தத்தில் கொண்டுவந்து, 2021இல் நீக்கிவிட்டது. நடுவர்களுக்குப் பயிற்சி தரும், 1915இல் லண்டனில் தொடங்கிய சிஐஆர்பி கழகத்தின் அசோசியேட், மெம்பர், ஃபெல்லோ என்ற படிநிலைகள் கட்டாயமில்லை. ஆனாலும் தீர்ப்பு எழுதும் பயிற்சிக்காகவே அவற்றை முடிக்கலாம். வாதம் எழுதிப் பழகியவருக்குத் தீர்ப்பு எழுதுவது எளிதில் கைவராது. தோற்கப்போகிறவரின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாகச் சுருக்கி எழுதி, அதன் பிறகு அது ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கைக் கற்க ஓராண்டாவது பிடிக்கும்.

முதல் நியமனம் பெரிய வழக்கில் வராது. சிறு தொகை வழக்குகளுக்காக மையங்கள் வகுத்துள்ள விரைவு நடைமுறைகளில்தான் வரும். எஸ்ஐஏசியின் புதிய விதிகளில் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரையிலான வழக்குகளுக்கு எளிய நடைமுறையும், ஒரு கோடி டாலர் வரை விரைவு நடைமுறையும் உள்ளன. எளிய நடைமுறையில் மன்றம் அமைந்த மூன்று மாதத்திலும், விரைவு நடைமுறையில் ஆறு மாதத்திலும் தீர்ப்பு வர வேண்டும். இவற்றைப் பொதுவாகத் தனி நடுவர் ஒருவரே விசாரிக்கிறார். இதுவரை நடுவராக இருந்திராதவர்களை மையங்கள் நம்பிப் பார்க்கும் இடம் இதுவே. மையத்தில் இருப்பவர்களுக்கு உங்களை எப்படித் தெரியும்? வழக்கறிஞராக நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், கெடுவுக்கு முன் வந்த ஆவணங்கள், தேவையில்லாமல் கால அவகாசம் கேட்காத பழக்கம் ஆகியவற்றால்தான். ஒய்எஸ்ஐஏசி, யங் ஐசிசிஏ போன்ற இளையோர் அமைப்புகளில் சேர்வதும் கட்டுரை எழுதுவதும் உதவும். மேற்சொன்னது இல்லாமல் அவை மட்டும் போதா. பெண்கள் நடுவர்களாக நியமிக்கப்படுவது குறைவாக இருந்த நிலையை மாற்ற 2016இல் ஓர் உறுதிமொழி இயக்கம் தொடங்கியது. மையங்களும் சட்ட அலுவலகங்களும் அதில் கையெழுத்திட்டுள்ளன. நம் பெண் வழக்கறிஞர்கள் தயக்கமின்றி மையங்களின் பட்டியலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு நாள் மையத்திலிருந்து மின்னஞ்சல் வரும்: இன்னார் இன்னாருக்கு இடையிலான வழக்கு, நீங்கள் ஏற்கத் தயாரா? உடனே சம்மதம் எழுதிவிடாதீர்கள். தரப்புகளின் தாய் நிறுவனம், துணை நிறுவனங்கள், இருபக்க வழக்கறிஞர்கள் என்று எல்லாப் பெயர்களையும் உங்கள் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவரின் நலன் முரண்பாடுகள் பற்றிய சர்வதேச பார் சங்கத்தின் 2024 வழிகாட்டி நெறிகளில், கடுமையான உறவுகள், வெளிப்படுத்த வேண்டியவை, வெளிப்படுத்தத் தேவையில்லாதவை என்ற வகையில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று பட்டியல்கள் உள்ளன. இந்தியச் சட்டத்தின் ஐந்தாம், ஏழாம் அட்டவணைகளும் அவற்றின் முந்தைய பதிப்பிலிருந்தே வந்தவை. வெளிப்படுத்தலாமா வேண்டாமா என்ற ஐயம் எழுந்தால் வெளிப்படுத்திவிடுங்கள். எண்ணெய்க் கிணறு விபத்து ஒன்றையொட்டிய ஹாலிபர்ட்டன் வழக்கில், வெளிப்படுத்தாமல் விட்டதை வைத்து ஒரு நடுவர் மீது எழுந்த கேள்வி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல்தான் முடிந்தது. அவரை நீக்க நீதிமன்றம் மறுத்தது. ஆனாலும், அவர் வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்பதைப் பதிவு செய்தது.

பெயர்களைச் சரிபார்த்த பிறகு நாட்காட்டியை எடுங்கள். விசாரணைக்கு ஐந்து நாள் ஒதுக்க முடியும் என்பதால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். விசாரணை முடிந்த அடுத்த ஆறு வாரத்தில் தீர்ப்பு எழுத எத்தனை முழு நாட்கள் உங்களிடம் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். இருபது நாட்களைக் காலியாக வைக்க முடியவில்லை என்றால், முதல் நியமனமாகவே இருந்தாலும், இப்போது இயலாது என்று மரியாதையாக எழுதி அனுப்புங்கள். அந்த மறுப்புக் கடிதத்தையும் மையத்தில் படிப்பார்கள்.